மூடியைக் கழற்றியவர்கள்: முதல் கேமிங் கம்பியூட்டர் பூட்டப் போகிறவர்களுக்கு ஒரு வரலாறு

எங்கள் கையில் இருந்த பிளக்கில் 24 ஓட்டை. மதர்போட்டில் இருந்த முள் 8. மூன்று பேர் டோர்ச் அடித்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், யூடியூபிலும் தேடிப் பார்த்தோம். எட்டு எட்டாகவே இருந்தது.

நடந்தது இதுதான். ஜி.டி.ஏ. 5 ஓடுகிற மாதிரி ஒரு மெஷின் வேணும் என்று எட்டுப் பேர் சேர்ந்து காசு போட்டோம். புது மெஷின் விலை கேட்டால் தலை சுற்றும். வெளிநாட்டு ஒபிஸ்களில் பாவித்துக் கழித்துவிட்ட கம்பியூட்டர்கள் மலிவாக வருகின்றனவே, அதில் ஒன்றை வாங்கி, பாவித்த கிராபிக்ஸ் காட் ஒன்றைச் சொருகினால் முடிந்தது என்று கணக்குப் போட்டோம். பெட்டி வந்தது. பெயர் பெற்ற கொம்பனிதான், ஓடவும் செய்தது. ஆர்.எக்ஸ். 570 காட் ஒன்றும் வந்தது. அந்தக் காட்டுக்குத் தனியாக ஒரு பவர் வயர் வேண்டும், பெட்டியின் பவர் சப்ளையில் அது இல்லை. சரி என்று 550 வொட் பவர் சப்ளை ஒன்று எடுத்தோம். அப்போதுதான் இந்த 24-க்கும் 8-க்கும் சண்டை.

"மச்சான், கம்பியூட்டர் எண்டா எல்லாம் ஒண்டுக்கொண்டு பூட்டலாம் எண்டுதானே சொன்னீங்க?" என்று காசு போட்ட ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. ஏன் சிலது பூட்டும், சிலது பூட்டாது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. என்ன வாங்கலாம் என்று மட்டும் கேட்பவர்களுக்கும் பதில் உள்ளே இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேணும்.

முதலில் 1981-க்குப் போவோம். அந்த வருடம் ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாண நூலகம் சாம்பலாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. ஓகஸ்ட் 12ஆம் திகதி அமெரிக்காவில் ஐ.பி.எம். கொம்பனி தன் முதல் பெர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டது. மொடல் இலக்கம் 5150. அடிப்படை விலை 1,565 டொலர். அதில் ரெம் 16 கிலோபைட். எழுத்துப் பிழை இல்லை, கிலோபைட்தான். மொனிட்டரும் டிஸ்க் டிரைவும் அந்த விலையில் சேராது. பவர் சப்ளை 63.5 வொட். இன்று எங்கள் கிராபிக்ஸ் காட் மட்டும் தனியாக அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கிறது.

ஐ.பி.எம். அதுவரை பெரிய பெரிய மெஷின்களை எல்லாம் தன் கையாலேயே செய்த கொம்பனி. உள்ளே இருக்கும் ஆணி முதல் புரோகிராம் வரை அவர்களுடையது. ஆனால் 5150-ஐ ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அப்பிள் போன்றவர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புளோரிடாவில் பொகா ரட்டோன் என்ற ஊரில் ஒரு சின்னக் குழுவிடம் வேலையைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லாததால் அந்தக் குழு கடையில் கிடைப்பதை வாங்கிப் பூட்டியது. புரொசெசர் இன்டெலின் 8088, இயங்குதளம் மைக்ரோசொஃப்டிடமிருந்து. மற்றக் கொம்பனிகள் காட் செய்து சொருகட்டும் என்று ஐந்து ஸ்லொட் விட்டார்கள். அதற்கு உதவியாக மின்சுற்று வரைபடங்களும் பயோஸ் புரோகிராமின் முழு எழுத்தும் அடங்கிய கையேட்டைக் காசுக்கு விற்றார்கள்.

அதாவது உலகத்தின் முதல் ஐ.பி.எம். பிசியே ஒரு வகையில் எசெம்பிள் மெஷின்தான். அவசரத்தில் பூட்டியது. பெருந்தன்மையால் திறந்து விட்டார்கள் என்று சில புத்தகங்கள் எழுதுவதை நாங்கள் நம்பவில்லை. நேரம் போதாமல் திறந்திருந்த கதவு அது.

அந்தக் கதவால் முதலில் நுழைந்தவர்களில் கொம்பாக் முக்கியமானது. 1982 பெப்ரவரியில் ஹூஸ்டனில் மூன்று பேர் தொடங்கிய கொம்பனி. ஐ.பி.எம். மெஷினில் ஓடும் எல்லாம் ஓடவேண்டும், ஆனால் ஐ.பி.எம். வழக்குப் போட முடியாதபடி இருக்கவேண்டும் என்பது அவர்களின் திட்டம். பாகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கும். ஐ.பி.எம்.முக்கு மட்டும் சொந்தமாக இருந்தது பயோஸ். மெஷினை ஒன் பண்ணியதும் முதலில் விழித்து, மற்றப் பாகங்களை எழுப்பிவிடும் சின்னப் புரோகிராம். அதைக் கொப்பி அடித்தால் களவு. எனவே ஒரு குழு ஐ.பி.எம். பயோஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. மூல எழுத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அதைப் பார்த்துப் புதிதாக எழுதியது. பரீட்சையில் விடையைப் பார்க்காமல், கேள்வியை மட்டும் கேட்டு எழுதுவது மாதிரி. 1983 தொடக்கத்தில் கொம்பாக்கின் மெஷின் கடைக்கு வந்தது. கைப்பிடி வைத்த, ஏறக்குறைய 13 கிலோ எடையுள்ள "தூக்கிச் செல்லும்" கம்பியூட்டர். 1984இல் பீனிக்ஸ் என்ற கொம்பனி இதே முறையில் ஒரு பயோஸ் எழுதி, காசு கொடுக்கும் யாருக்கும் விற்கத் தொடங்கியது. அதோடு ஐ.பி.எம்.மின் கடைசிப் பூட்டும் போனது.

பிறகு தாய்வான். எம்.எஸ்.ஐ., கிகாபைட் இரண்டும் 1986இல் தொடங்கியவை. அசூஸ் 1989. நீங்கள் இன்று கடையில் போய் மதர்போட் கேட்டால் நீட்டும் பெட்டிகளில் பாதி இந்த மூன்றின் பெயர்தான் இருக்கும்.

ஐ.பி.எம். சும்மா இருக்கவில்லை. 1987 ஏப்ரலில் பி.எஸ்.2 என்று ஒரு புது வரிசை விட்டது. காட் சொருகும் ஸ்லொட்டையே மாற்றி மைக்ரோ சனல் என்று பெயர் வைத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பழையதைவிட நல்லது. ஆனால் பழைய காட் எதுவும் அதில் ஏறாது, அதைப் பாவிக்க விரும்பும் கொம்பனி ஐ.பி.எம்.முக்குக் கப்பம் கட்டவேண்டும். அடுத்த வருடமே கொம்பாக் உட்பட ஒன்பது கொம்பனிகள் சேர்ந்து, பழைய காட்டும் ஏறக்கூடிய வேறொரு ஸ்லொட்டை அறிவித்தன. அந்த ஸ்லொட்டும் பெரிதாக எடுபடவில்லை என்பது வேறு கதை. ஆனால் மைக்ரோ சனல் செத்தது. தான் பிறப்பித்த பிசியின் மேல் ஐ.பி.எம்.முக்கு இருந்த பிடியும் அதோடு தளர்ந்தது.

எங்கள் 8 முள் மதர்போட் இந்தக் கதையின் பேரப்பிள்ளை. ஒபிஸ் கம்பியூட்டர் செய்யும் பெரிய கொம்பனிகள் பல, பவர் சப்ளையிலும் மதர்போட்டிலும் தங்கள் சொந்த அளவையும் சொந்தப் பிளக்கையும் வைக்கின்றன. மின்சாரம் மிச்சம், செலவு குறைவு, பெட்டி சின்னதாகும் என்று காரணம் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பவர் சப்ளை செத்தால் அதே மொடலுக்கான பவர் சப்ளையைத்தான் தேடவேண்டும். தோப்பூரில் இருந்துகொண்டு தேடிப் பாருங்கள்.

பொதுவான அளவு என்று ஒன்று வந்தது 1995இல். இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற தரத்தை வெளியிட்டது. மதர்போட்டின் ஆணி ஓட்டை எங்கே, பின்பக்கச் சொக்கெட்டுகள் எங்கே, பவர் பிளக் எப்படி என்று எல்லாவற்றுக்கும் அளவு. அதற்கு முந்திய மெஷின்களில் மதர்போட்டுக்கு மின்சாரம் இரண்டு பிளக்கில் வரும். பி8, பி9 என்று பெயர். இரண்டும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றிலும் ஆறு வயர். இடம் மாற்றிச் சொருகினாலும் ஏறிவிடும். ஏறினால் போர்ட் எரிந்துவிடும். கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கவேண்டும் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். ஏ.டி.எக்ஸ். அந்த இரண்டையும் ஒரே பிளக்காக்கி, ஒரு பக்கமாக மட்டும் ஏறும்படி செய்தது. முதலில் 20 ஓட்டை, பிறகு 24. கம்பியூட்டர் படிக்காத எங்களைப் போன்ற ஆர்ட்ஸ் பிள்ளைகளும் இன்று பயமில்லாமல் பூட்ட முடிகிறதென்றால் இந்தப் பிளக்கின் வடிவத்துக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

இலங்கைக்கு வருவோம். 1984இல் நாட்டில் சின்டெக் என்ற கணினிச் சபை அமைந்தது. பேராசிரியர் வி.கே. சமரநாயக்க போன்றவர்கள் பல்கலைக்கழகத்திலும் அரசாங்கத்திலும் கம்பியூட்டரைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள். அது கொழும்பின் கதை. வடக்கு கிழக்கில் அந்த வருடங்களில் பெட்டறியே பெரிய விஷயம். 90களில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் போகத் தடை செய்த பொருட்களில் பெட்டறியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை அது.

கொழும்பில் பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் யூனிட்டி பிளாசா என்ற கட்டடம் கம்பியூட்டர் கடைகளுக்குப் பேர்போனது. சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ எங்களுக்கு அது அப்படி. மாடி மாடியாகக் கண்ணாடிக் கடைகள், சுவரில் விலைப் பட்டியல், கவுண்டருக்குப் பின்னால் ஒருத்தர் ஸ்க்ரூ ட்ரைவரோடு. தாய்வானில் செய்த மதர்போட்டும் கொரியாவில் செய்த ரெம்மும் உடைந்த சிங்களத்தில் பேசிக் குறைத்த விலையும் சேர்ந்தால் அதற்குப் பெயர் "எசெம்பிள்". பிராண்ட் மெஷின் வாங்க வசதியில்லாத இடத்துக்கெல்லாம் கம்பியூட்டர் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். ஊர்ச் சந்தியில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் பாமினி எழுத்தில் கலியாணக் கார்ட் அடித்த மெஷின், டியூட்டரியில் வரிசையாக இருந்த மெஷின், நெட் கபேயில் பலகை அடித்துப் பிரித்த மெஷின், எல்லாம் எசெம்பிள்தான்.

எங்கள் ஊரில் அப்படியொரு கடை வைத்திருந்த நானா ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டோம். 2003, சமாதான காலம். பாவித்த பென்டியம் 3 ஒன்றைத் திருகோணமலையில் பூட்டி எடுத்துக்கொண்டு லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு வந்தார். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, அது திறந்தது 2009 ஒக்டோபரில். கடல் தண்ணீர் படாமல் சி.பி.யூ. பெட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாராம். இறங்கியதும் செக்கிங். "மூடியைக் கழட்டு" என்றார்களாம். "நான் அதுக்கு முந்தி மூடி கழட்டினதே இல்ல தம்பி. கடைக்காரன் பூட்டித் தந்ததுதான். அண்டைக்கு வெய்யிலுக்குள்ள நிண்டு கழட்டினேன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஆமிக்காரனும் நானும் ஒண்டாத்தான் பார்த்தம்." அதற்குப் பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. தூசு தட்ட, ரெம்மைக் கழற்றி அழி ரப்பரால் துடைக்க, எல்லாம் தானே பழகினார்.

2006 ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூரில் சண்டை மூண்டது. மூதூர், தோப்பூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். எங்களில் சிலர் அப்போது கைக்குழந்தைகள். நானாவின் கடையில் அப்போது மூன்று மெஷின். தூக்கிக்கொண்டு நடக்க ஏலாது. அவர் செய்தது ஒன்றுதான். மெயின் மெஷினின் மூடியைக் கழற்றி, ஹாட் டிஸ்க்கை மட்டும் உருவி, சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஊர்ச் சனத்தின் கலியாணப் படங்கள், அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள், டைப் பண்ணிய கடிதங்கள், எல்லாம் அதில். திரும்பி வந்தபோது மெஷின்கள் இல்லை. பிறகு வேறொரு மெஷின் கிடைத்தது, வேறு மதர்போட், வேறு கொம்பனி. ஜம்பரை மாற்றி, பழைய டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காகச் சொருகினார். திறந்தது. மௌத்தாகிப்போன ஆட்களின் படங்களைக் கேட்டு அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் சனம் வந்ததாம்.

இன்றைக்கு மெல்லிய லப்டொப் சிலவற்றில் ரெம்மோடு டிஸ்க்கையும் போர்ட்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அதில் எதை உருவுவது என்று நானா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

சரி, கேமுக்கு வருவோம். கேம் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்கள் கவனிக்கவும். சாதாரண ஆட்கள் மூடியைத் திறந்து பாகம் மாற்றப் பழகியதற்குப் பெரிய காரணம் கேம்தான். 1993 டிசெம்பரில் வந்த டூம் பலரை ரெம் கூட்டவைத்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கொம்பனியின் வூடூ காட் வந்தது. முப்பரிமாணப் படம் வரைவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஏற்கனவே இருக்கும் காட்டிலிருந்து ஒரு வயரை இதற்குக் கொடுத்து, இதிலிருந்து மொனிட்டருக்கு இன்னொரு வயர் கொடுக்கவேண்டும். கடையில் ரெடியாக வரும் கம்பியூட்டரில் அது இருக்காது, வேணுமென்றால் நீங்களே திறந்து சொருகவேண்டும். சொருகினார்கள். அந்தக் கொம்பனி முடிந்த விதமும் சுவாரசியம். முதலில் சிப்பை மட்டும் செய்து, காட் செய்கிற கொம்பனிகளுக்கெல்லாம் விற்றார்கள். 1998 கடைசியில் ஒரு காட் கொம்பனியை வாங்கி, இனி எங்கள் காட்டை நாங்களே செய்வோம் என்று மற்றவர்களை வெட்டிவிட்டார்கள். வெட்டப்பட்டவர்கள் என்விடியா பக்கம் போனார்கள். 2000 டிசெம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்தை வாங்கியதும் அதே என்விடியாதான். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டோம், அவர்களின் அடுத்தடுத்த காட்டுகள் பிந்தியும் வந்தன. ஆனால் மைக்ரோ சனல் கதையைப் படித்த பிறகு இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் பக்கத்துக்கு வந்த கேம் என்றால் வைஸ் சிட்டி. 2003இல் கம்பியூட்டருக்கு வந்தது. பெரிய கிராபிக்ஸ் காட் இல்லாத மெஷினிலும் தட்டுத்தடுமாறி ஓடும், அதனால்தான் ஊர் ஊராகப் பரவியது. காசு கொடுத்து வாங்கியவர்களை நாங்கள் கண்டதில்லை. பிறகு போன் வந்தது, பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் வந்தன. மூடியைத் திறக்கிற பழக்கம் எங்கள் வயதுக்காரரிடம் அங்கேதான் அறுந்தது என்று நினைக்கிறோம். போனைத் திறக்க ஆணிகூட இல்லை.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். கம்பியூட்டர் பாகம் எல்லாம் டொலரில் வருவது. எங்களில் ஏ.எல். எழுதிக்கொண்டிருந்த ஒருத்திக்கு அண்ணா வாங்கித் தருவதாகச் சொன்ன மெஷின் அந்த இரண்டு மாதத்தில் கனவாகிப் போனது. அதே வருடம் செப்டெம்பர் 15ஆம் திகதி உலகத்தின் இன்னொரு மூலையில் எதீரியம் என்ற மெய்நிகர் நாணயம் தன் முறையை மாற்றியது. கிராபிக்ஸ் காட்டை இரவு பகலாக ஓடவிட்டு அந்த நாணயம் சம்பாதித்தவர்களுக்கு வேலை போனது. காட்டுகள் மூட்டை மூட்டையாகப் பாவித்த சந்தைக்கு வந்தன. எங்கள் ஆர்.எக்ஸ். 570-உம் அப்படி உழைத்துக் களைத்த ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. அறுவை சிகிச்சை செய்து எண்ணெய் விட்டோம், இப்போது பரவாயில்லை.

இப்போது, இரண்டாம் முறை நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறோம். மேலே எழுதிய கதை ஏன் தேவைப்பட்டது என்று விளங்கும்.

முதலில் பவர் சப்ளையை எடுத்தோம். எல்லோரும் புரொசெசரில் தொடங்குவார்கள், நாங்கள் தலைகீழாகப் போனோம். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் மற்றப் பாகங்களுக்குக் காவல் அதுதான். அந்த 550 வொட் ஏற்கனவே கையில் இருந்தது, நல்ல தரம்தான். கடையில் பெட்டியோடு இலவசமாக வரும் பாரமில்லாத பவர் சப்ளையை நம்பவேண்டாம். ஒன்று கவனியுங்கள். வயர் கழற்றிப் பூட்டக்கூடிய பவர் சப்ளை வாங்கினால், அதனோடு வந்த வயரை மட்டும் பாவியுங்கள். மதர்போட் பக்கத்துப் பிளக்குக்கு இன்டெல் தரம் வைத்தது. பவர் சப்ளை பக்கத்துப் பிளக்குக்கு இன்றுவரை பொதுத் தரம் இல்லை. வேறு கொம்பனி வயர் அழகாக ஏறும், டிஸ்க்கை எரித்துவிடும். பி8, பி9 காலத்துப் பேய் அங்கே இன்னும் இருக்கிறது. அதேபோல புரொசெசருக்குப் போகும் 8 முள் பிளக்கும் கிராபிக்ஸ் காட்டுக்குப் போகும் 8 முள் பிளக்கும் ஒன்றில்லை. மேலே எழுதியிருப்பதை வாசித்துவிட்டுச் சொருகுங்கள், அமுக்கி ஏற்றவேண்டாம்.

மதர்போட் ஏ.எம்.4 சொக்கெட். இதுவும் வரலாற்றால் எடுத்த முடிவு. ஏ.எம்.டி. 2017இல் ரைசன் புரொசெசர்களை விட்டது இந்தச் சொக்கெட்டில்தான். அடுத்த தலைமுறைகளுக்கும் அதையே வைத்திருந்தார்கள். அதனால் புதிதும் பாவித்ததுமாக நிறையப் பாகம் சந்தையில் இருக்கிறது. பழைய போர்ட்டில் புதிய புரொசெசர் போடுவதானால் பயோஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கும், கடைக்காரரிடமே கேட்டுச் செய்து வாங்குங்கள். நாங்கள் எடுத்தது ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், படம் காட்டும் பகுதியும் உள்ளேயே இருக்கிறது. "காட் இருக்கே, பிறகு ஏன் அது?" என்று கேட்டார்கள். காட் கிழவன். நாளைக்கு மூச்சு நின்றாலும் மெஷின் படம் காட்டும், அசைன்மென்ட் அடிக்கலாம். காசு குறைந்தவர்களுக்கு நாங்கள் சொல்வதும் இதுதான். முதலில் காட் இல்லாமல் இப்படியொரு புரொசெசரில் தொடங்குங்கள், காட்டைப் பிறகு சேருங்கள். ஐந்து ஸ்லொட் விட்டுவைத்த அந்தப் பழைய யோசனையின் பலன் இது. ஒரே நாளில் எல்லாம் வாங்கவேண்டியதில்லை.

ரெம் 16 ஜிபி, ஆனால் ஒரே துண்டாக இல்லை, 8-உம் 8-உம். படம் காட்டும் வேலையைப் புரொசெசரே செய்யும்போது இரண்டு துண்டு போட்டால் வேகம் நன்றாகக் கூடும். நாலு ஸ்லொட் இருந்தால் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். டிஸ்க் 500 ஜிபி எஸ்.எஸ்.டி.

பூட்டுவது ஒரு பின்னேரத்து வேலை. புரொசெசரின் மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சொக்கெட்டிலும் இருக்கும், இரண்டையும் சேர்த்து வைத்தால் தானாக இறங்கும். கையால் அழுத்தக் கூடாது. முள் வளைந்தால் காசும் வளையும். பெட்டிக்குள் மதர்போட்டை நேராக வைக்காமல் பித்தளைக் கால் ஆணிகளின் மேல் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அடியில் தகரம் பட்டு ஷோர்ட் ஆகும். பின்பக்கத் தகட்டை முதலில் போட மறந்து, எல்லாம் பூட்டிய பிறகு திரும்பக் கழற்றினோம். எல்லோரும் ஒருதரம் அப்படிச் செய்வார்களாம். ஒன் பண்ணினோம், விசிறி சுற்றியது, மொனிட்டர் கறுப்பு. பத்து நிமிடம் நெஞ்சு அடித்தது. மொனிட்டர் வயரைக் காட்டில் சொருகாமல் மதர்போட்டில் சொருகியிருந்தோம். அவ்வளவுதான்.

ஊருக்கு மட்டும் உரிய சில விஷயங்கள் யூடியூபில் கிடைக்காது. எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சொக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. பெட்டியில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கும். கரண்ட் வேலை தெரிந்த ஒருத்தரைக் கூப்பிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். யூ.பி.எஸ். வாங்கும்போது 650 என்று போட்டிருப்பது வொட் இல்லை. வொட் அதைவிட நன்றாகக் குறைவு, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். கேம் ஓடும்போது சில நிமிடம்தான் தாங்கும், சேவ் பண்ணி நிற்பாட்ட அது போதும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டபோது நாங்கள் அதைப் பரீட்சித்துப் பார்த்தோம். அறுவடைக் காலத்தில் மெஷின் வெட்டும் தூசி வீட்டுக்குள் வரும், மாதம் ஒருதரம் திறந்து பெயின்ற் பிரஷால் தட்டுங்கள். பின்பக்கம் காட் போடாத இடைவெளிகளைத் தகடு வைத்து மூடுங்கள். பல்லிக்குச் சூடான இடம் பிடிக்கும்.

வாரண்டித் துண்டை வாசியுங்கள். நம் நாட்டில் ஒரு வருட வாரண்டி என்றால் பல கடைகளில் 14 வேலை நாள் கழித்துத்தான் கணக்கு. எரிந்த அடையாளம், உடைவு, கறள் இருந்தால் இல்லை என்றும் எழுதியிருக்கும். கடற்காற்று அடிக்கும் ஊர்க்காரருக்குக் கறள் என்ற அந்தச் சொல் சின்னச் சொல் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ரெம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு கொம்பனிகள் பெரிய பெரிய கட்டடங்களுக்கு மெமரியை வாரிக்கொண்டு போகின்றன. 2025 டிசெம்பரில் மைக்ரோன் என்ற கொம்பனி, எங்களைப் போன்ற ஆட்களுக்கு ரெம்மும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த குருஷியல் என்ற பெயரையே 2026 பெப்ரவரியோடு நிறுத்தப் போவதாக அறிவித்தது. நாங்கள் பூட்டிய நேரம் நல்ல நேரம். இப்போது தொடங்குகிறவர்கள் பாவித்த டி.டி.ஆர்.4 ரெம்மைத் தேடுங்கள். ஏ.எம்.4-க்கு அதுதான் ஏறும். வாங்குமுன் மெம்டெஸ்ட் என்ற இலவச புரோகிராமை ஒரு இரவு ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்கவேண்டாம்.

அந்த ஒபிஸ் பெட்டியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். 24 ஓட்டையை 8-ஆக மாற்றும் வயர் ஒன்று இருக்கிறதாம், எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. கொழும்பிலிருந்து வரவழைக்க இரண்டு கிழமை போனது. அதற்குள் மற்ற மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. பெட்டியை அதன் சொந்தப் பவர் சப்ளையோடு நானாவின் கடையில் கொண்டுபோய் வைத்தோம். இப்போது அதில் கலியாணக் கார்ட் அடிக்கிறார். மாற்று வயரை மேசை லாச்சியில் போட்டு வைத்திருக்கிறார். வாங்கிய அன்றே மூடியைக் கழற்றி, டிஸ்க் எந்த மூலையில் இருக்கிறது, எத்தனை ஆணி என்று பார்த்துவிட்டுத்தான் மூடினார்.